பழகுவதற்கு ஒரு தெரு வேண்டும்

(செங்கல்பட்டில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'குழந்தைகளின் சமூகத் திறன்கள்' என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நல்ல தலைப்பு. ஆனால் எனக்கு அதைவிட நம் வீட்டுச் சொல் ஒன்று பிடிக்கும். பழகுதல்! சைக்கிள் பழகுகிறான் என்கிறோம். நீச்சல் பழகுகிறாள் என்கிறோம். எல்லோரிடமும் நன்றாகப் பழகுகிற பிள்ளை என்கிறோம். பயிற்சிக்கும் நட்புக்கும் நம் மொழி ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. இது தற்செயலா? நான் அப்படி நினைக்கவில்லை. சைக்கிளைப் பற்றிப் பாடம் கேட்டு யாராவது சைக்கிள் பழகியதுண்டா? கிணற்று மேட்டில் நின்று கேட்டு யாராவது நீச்சல் பழகியதுண்டா? முட்டி சிராய்த்துத்தான் பழகினோம். மூக்கில் தண்ணீர் ஏறித்தான் பழகினோம். மனிதர்களோடு பழகுவதும் அப்படித்தான். அதற்கு ஆள் வேண்டும், இடம் வேண்டும், நேரம் வேண்டும். இந்த மூன்றையும் நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கிறோமா? இன்று மாலை நான் கேட்க வந்திருப்பது இந்த ஒரு கேள்விதான்.

மாமல்லபுரத்துக்கு நீங்கள் எல்லோரும் போயிருப்பீர்கள். நமக்கு அது பக்கத்து ஊர். 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்த கோயில்களும் சிற்பங்களும் உள்ள ஊர். வெளியூர்க்காரர்கள் கடற்கரைக் கோயிலைப் பார்ப்பார்கள், அர்ச்சுனன் தபசைப் பார்ப்பார்கள். குழந்தைகள் எங்கே ஓடும்? வெண்ணெய் உருண்டைப் பாறைக்குத்தான் ஓடும். அந்த உருண்டையைக்கூட அவை அதிக நேரம் பார்ப்பதில்லை. அதன் அருகே சரிந்து கிடக்கிறதே பாறை, அதில் ஏறிச் சறுக்கும். எத்தனையோ தலைமுறைக் குழந்தைகள் சறுக்கிச் சறுக்கி வழவழவென்று ஆகிவிட்ட பாறை அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் கவுன் போட்ட ஒரு குழந்தை, ஆறு வயதிருக்கும், மேலே ஏறிவிட்டது. சறுக்கப் பயம், இறங்கவும் பயம். கீழே நின்ற அம்மா தெலுங்கில் கூப்பிடுகிறார். பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் நிற்கின்றன. யாரும் தள்ளவில்லை. அப்போது உள்ளூர்ப் பையன் ஒருவன் அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். திரும்பிப் பார்த்துத் தன் முதுகைத் தட்டிக் காட்டினான். அவள் அவன் சட்டையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சறுக்கிக் கீழே வந்தார்கள். அவ்வளவுதான். பையன் மறுபடி ஏறப் போய்விட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலும் ஒருவர் மொழி மற்றவருக்குப் புரிந்திருக்காது. நான் சொல்ல வந்தது அடுத்து நடந்ததைத்தான். ஐந்து நிமிடம் கழித்து அந்த மஞ்சள் கவுன் குழந்தை தன் தம்பியை மேலே அழைத்துப் போனாள். அவனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். திரும்பினாள். தன் முதுகைத் தட்டினாள்!

இதை எந்தப் புத்தகம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது? எந்த வகுப்பு சொல்லிக்கொடுத்தது? தன்னைவிட இரண்டு மூன்று வயது பெரிய ஒரு பிள்ளையிடமிருந்து ஐந்து நிமிடத்தில் வாங்கி, தன்னைவிடச் சின்னதிடம் கொடுத்துவிட்டாள். பெரிய பிள்ளை, நடுப் பிள்ளை, சின்னப் பிள்ளை என்று வயது கலந்து இருந்தால்தான் இது நடக்கும். நாமோ ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் வரிசையாக உட்கார வைத்துவிட்டு, "ஒருத்தனுக்கும் விட்டுக்கொடுக்கத் தெரியவில்லை" என்று குறைப்பட்டுக்கொள்கிறோம்.

சுவிட்சர்லாந்தில் ழான் பியாஜே என்று ஓர் அறிஞர் இருந்தார். குழந்தைகளுக்கு நியாய அநியாயம் எப்படிப் புரிகிறது என்று கண்டறிய விரும்பினார். எங்கே போனார் தெரியுமா? கோலி ஆடுகிற பையன்களிடம் போனார். "எனக்கும் ஆடச் சொல்லிக்கொடுங்கள், இந்த ஆட்டத்துக்கு என்ன சட்டம்?" என்று கேட்டார். சின்னப் பிள்ளைகள், சட்டம் எங்கோ மேலிருந்து வந்தது, மாற்றவே கூடாது என்றன. ஆனால் மாற்றி மாற்றித்தான் ஆடின. பதினொன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்றன. ஒப்புக்கொண்டபின் அதைக் கறாராகக் காத்தன. 1932இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்தக் கோலியாட்டம்தான் முதலில் வருகிறது. உடன்பாடு என்றால் என்ன, ஒப்பந்தம் என்றால் என்ன என்று மனிதக் குழந்தை கற்றுக்கொள்கிற முதல் இடம் மண்ணில் தோண்டிய ஒரு குழி!

கோலிக்கு நாம் சுவிட்சர்லாந்து போக வேண்டியதில்லை. நம் தெருவிலேயே ஒரு பெரிய சட்டப் புத்தகம் இருந்தது. தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் திரட்டித் தனி நூலே எழுதினார். மொழிஞாயிறு என்று நாம் போற்றுகிற பேரறிஞர், பிள்ளைகளின் ஆட்டத்தை உட்கார்ந்து எழுதத்தக்க விஷயமாக நினைத்தார். அந்தச் சட்டப் புத்தகத்திலிருந்து சில சொற்களை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். நரைத்த தலைகள் எல்லாம் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டன, பார்க்கிறேன்.

உத்தி பிரிப்பது! நினைவிருக்கிறதா? கபடிக்கோ கிளித்தட்டுக்கோ இரண்டு கட்சி பிரிக்க வேண்டும். இரண்டு தலைவர்கள் ஒருபக்கம் நிற்பார்கள். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகத் தோளில் கை போட்டுக்கொண்டு தூரமாகப் போய், ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒருவன் சூரியன், ஒருவன் சந்திரன். உனக்குச் சூரியன் வேண்டுமா சந்திரன் வேண்டுமா என்று கேட்பார்கள். தலைவன் ஒன்றைச் சொல்வான். சொன்ன பெயருக்குரியவன் அந்தக் கட்சி, மற்றவன் எதிர்க்கட்சி.

விளையாட்டாகத் தெரிகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சேர்ந்து போகிற இரண்டு பேரும் சம பலம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் தன்னைத் தானே எடை போட்டுப் பார்க்க வேண்டும். நான் யாருக்குச் சமம்? அவனைவிட நான் வேகமா? பெருமையும் கூடாது, தாழ்வும் கூடாது, உள்ளபடி சொல்ல வேண்டும். அடுத்து, தலைவன் ஆளைப் பார்த்துப் பொறுக்கவில்லை, பெயரைக் கேட்டுத்தான் எடுக்கிறான். அதனால் 'யாருக்கும் வேண்டாதவன்' என்று கடைசியில் எவனும் தனியாக நிற்பதில்லை. இன்று பல பள்ளி மைதானங்களில் என்ன நடக்கிறது? இரண்டு கேப்டன்கள் பெயர் சொல்லிச் சொல்லி ஆள் எடுக்கிறார்கள். கடைசியில் ஒரு பிள்ளை, குண்டாக இருக்கும், அல்லது கண்ணாடி போட்டிருக்கும், "சரி, நீ வா" என்று அலட்சியமாகக் கூப்பிடும்வரை நிற்கிறதே, அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் பலமுறை பார்த்திருக்கிறேன். நம் தெருப் பிள்ளைகள் அந்த அவமானத்துக்கு இடமில்லாமல் ஒரு முறையைத் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

அடுத்தது, ஒப்புக்குச் சப்பாணி. சொல் கரடுமுரடானது. கால் முடியாதவரைக் குறிக்கிற சொல்லை இன்று நாம் அப்படிப் புழங்கக் கூடாது. சொல்லை விட்டுவிடுவோம், வழக்கத்தைப் பார்ப்போம். அக்கா விளையாடப் போனால் இடுப்பில் தம்பியும் போவான். மூன்று வயது. அவனுக்கு ஆட்டமும் தெரியாது, சட்டமும் தெரியாது. வெளியே உட்கார வைத்தால் அழுவான். என்ன செய்வது? ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அவனும் ஓடுவான், கத்துவான், ஒளிவான். ஆனால் அவனைத் தொட்டால் அவுட் கிடையாது. அவனுக்கு அது தெரியாது, தானும் ஆடுவதாகவே நினைத்துக்கொண்டிருப்பான். இரண்டு மூன்று ஆண்டு போகும். ஒருநாள் யாராவது சொல்வார்கள், "இன்னியிலேருந்து உனக்கும் அவுட் உண்டுடா." அன்று அவன் முகத்தில் வருகிற பூரிப்பைப் பட்டமளிப்பு விழாவில்கூட நான் பார்த்ததில்லை.

இயலாத ஒருவரை வெளியே நிறுத்தாமல், ஆட்டத்தையும் கெடுக்காமல், அவருக்கேற்றபடி சட்டத்தைச் சற்றுத் தளர்த்திச் சேர்த்துக்கொள்வது. இதற்குப் பெரியவர்கள் இன்று 'உள்ளடக்கிய கல்வி' என்று பெயர் வைத்திருக்கிறோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறோம். பத்து வயதுப் பிள்ளைகள் அதைப் புழுதியில் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பிறகு, காய். அதன் பிறகு, பழம். காட்டுகிற விரல்கள் ஊருக்கு ஊர் மாறும், பொருள் மாறாது. "உன்கூடக் காய்" என்றால் பேச்சில்லை. எத்தனை நாள்? அது சண்டையின் அளவைப் பொறுத்தது. பழம் விட்டுவிட்டால் பழைய கணக்குக் கிடையாது. யார் முதலில் பழம் விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கேதான் ஒரு குழந்தை தன் மானத்தையும் நட்பையும் இரண்டு கையில் வைத்து எடை போடுகிறது.

இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த புதிது. நான்காம் வகுப்பில் இரண்டு பையன்கள் ஒரு பேனாவுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இருவரையும் முன்னால் நிறுத்தி, இருபது நிமிடம் நட்பைப் பற்றிப் பேசி, கட்டிப்பிடிக்கச் சொன்னேன். கட்டிப்பிடித்தார்கள். வகுப்பு கைதட்டியது. மாலையில் பார்த்தால் ஒருவன் சாலையின் இந்தப் பக்கம், மற்றவன் அந்தப் பக்கம். மூன்று நாள் அப்படியே போனது. நான்காம் நாள் இடைவேளையில், கொட்டகைக்குப் பின்னால், ஒருவன் தன் நெல்லிக்காயில் ஒரு கடி கடித்துவிட்டு மீதியை நீட்டினான். மற்றவன் வாங்கிக்கொண்டான். பழம் விட்டாயிற்று! நான் சுவரோரம் நின்று பார்த்தேன். என் இருபது நிமிடப் பேச்சு தந்தது ஒரு நாடகம். அவர்களுக்குத் தேவைப்பட்டவை மூன்று நாளும் ஒரு நெல்லிக்காயும். அந்த மூன்று நாளை அவர்களிடமிருந்து பிடுங்கப் பார்த்தேனே என்று இன்றும் வருந்துகிறேன்.

தாய்மார்களே, தந்தைமார்களே! சண்டை வந்தவுடன் நாம் ஓடிப்போய் நடுவில் நிற்கிறோம். குடியிருப்புகளில் இப்போது பிள்ளைகளின் சண்டை பெற்றோர் வாட்ஸப் குழுவுக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகள் மாலைக்குள் பழம் விட்டுவிடுவார்கள். பெரியவர்கள் ஆறு மாதம் காய் விட்டுக்கொண்டு ஒரே லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். யாருக்குச் சமூகத் திறன் கற்றுக்கொடுக்க வேண்டும், சொல்லுங்கள்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காய் விடுவது வேறு, கொடுமை செய்வது வேறு. ஒருவன் மீது பலர், நாள்தோறும், அவன் நிறத்தைச் சொல்லி, உடலைச் சொல்லி, சாதியைச் சொல்லித் துன்புறுத்தினால் அது பிள்ளைச் சண்டை அல்ல. அங்கே பெரியவர் அதே கணத்தில் போய் நிற்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அந்த வீட்டின் ரத்தக் கறை நம் எல்லோர் வகுப்பறைத் தரையிலும் இருக்கிறது. அதை அடுத்து அமைத்த, நீதியரசர் சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை தந்தது. சாதியைக் காட்ட மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றியும் அதில் பேசியது. கயிற்றை அவிழ்ப்பது எளிது. கயிறு கட்டிய கை இன்னொரு கையைப் பிடிக்கப் பழகியிருக்கிறதா என்பதுதான் கடினமான கேள்வி.

அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்தில் 1971இல் இதே கேள்வி எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்த்தபோது பகை மூண்டது. எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் உபதேசம் செய்யவில்லை. பாடத்தைத் துண்டு துண்டாக்கினார். குழுவில் ஆளுக்கொரு துண்டு. அவரவர் துண்டை அவரவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நீ கேலி செய்கிற பிள்ளையின் வாயிலிருந்து வரும் பகுதி இல்லாமல் உன் பாடம் முழுமையாகாது. ஒருவரையொருவர் நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்ததும் பகை குறைந்தது. ஆசிரியர் தோழர்களே, இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு தாளை ஐந்தாகக் கிழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி நம் கடற்கரையைப் பார்ப்போம். மாசி மகப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? சுற்றுவட்ட மாவட்டங்களிலிருந்தெல்லாம் இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து மணலில் தங்குவார்கள். கன்னியம்மனை வழிபடுவார்கள். பெண் பார்ப்பது, திருமணம், மொட்டை, காதுகுத்து எல்லாம் அங்கேயே நடக்கும். அந்த மணலில் இருளர் பிள்ளைகளைப் பாருங்கள். ஓட்டமென்ன, பாட்டென்ன, அலையோடு ஆட்டமென்ன! முன்பின் தெரியாத பிள்ளையோடு ஐந்து நிமிடத்தில் கூட்டு. அதே பிள்ளையை ஜூலை மாதம் ஒரு வகுப்பறையில் பாருங்கள். கடைசி வரிசை. தலை குனிந்திருக்கும். "இந்தப் பையனுக்குப் பேசவே தெரியாதுங்க" என்பார் ஆசிரியர்.

பேசத் தெரியாதா? பௌர்ணமி இரவில் பேசிய வாய் எங்கே போயிற்று? குழந்தை அதே குழந்தைதான். அதைச் சுற்றி இருந்தவர்கள் மாறிவிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவோர் மணலில் இருந்தார்கள், வகுப்பில் இல்லை. ஒரு பிள்ளை பழகவில்லை என்றால் அந்தப் பிள்ளையிடம் குறை தேடுகிறோம். அதோடு பழக வேண்டியவர்கள் பழகினார்களா என்று தேடுகிறோமா? நான் இன்று சொல்ல வந்ததில் எனக்கு மிக முக்கியமானது இதுதான்.

பிறவியிலேயே பழகுவது கடினமாக அமைந்த பிள்ளைகளும் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளை கண்ணைப் பார்த்துப் பேசாமல் இருக்கலாம். சத்தம் தாங்காமல் போகலாம், தொட்டால் விலகலாம். அது திமிர் அல்ல, வளர்ப்பின் குறையும் அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் நடக்கிறது. நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சின்னஞ்சிறு வயதிலேயே கண்டறிந்து பயிற்சி தொடங்குவதும், பெற்றோருக்கு வழிகாட்டுவதும், சிறப்பு ஆசிரியர்களை உருவாக்குவதும் அங்கே நடக்கின்றன. ஒன்றரை இரண்டு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, விரல் நீட்டி எதையும் காட்டாத குழந்தை உங்கள் வீட்டிலோ உறவிலோ இருந்தால், "அவங்க அப்பாவும் இப்படித்தான் லேட்டாப் பேசினார்" என்று நாளைக் கடத்தாதீர்கள். கூட்டிப் போய்க் காட்டுங்கள். ஒன்றும் இல்லை என்று சொன்னால் மகிழ்ச்சியாகத் திரும்பி வாருங்கள். ஏதாவது இருந்தால் ஒவ்வொரு மாதமும் விலைமதிப்பற்றது.

மற்றபடி இரண்டு மூன்று வயதுப் பிள்ளை பொம்மையைப் பகிரவில்லை, தனியாகவே ஆடுகிறது என்று கலங்க வேண்டாம். அந்த வயதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக ஆடுவதே இயல்பு. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே பிள்ளைகளைக் கூர்ந்து பார்த்து இதை எழுதிவிட்டார்.

இப்போது ஆள், இடம், நேரம் என்று தொடங்கினேனே, அதற்கு வருகிறேன். 2019 நவம்பர் 29இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில், அந்தப் பக்கம் கேளம்பாக்கம், திருப்போரூர் எங்கும் அடுக்குமாடிகள். தெரு சாலையாகிவிட்டது, சாலையில் வண்டி. காலி மனையில் 'விற்பனைக்கு' என்று பலகை. அப்பாவுக்கு இரவுப் பணி, அம்மாவுக்குப் பகல் பணி. பிள்ளைக்குப் பள்ளி, டியூஷன், பிறகு கைபேசி. யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. கடன் கட்டி வீடு வாங்கியவர்களின் பாடு எனக்குத் தெரியும்.

இதன் மேல்தான் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1இல் திறந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020இல் முதல் வகுப்பில் பெயர் எழுதிய குழந்தை, வகுப்பறை என்ற ஒன்றில் முதன்முதலாக உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது! பள்ளிகள் திறப்பதற்கு ஐந்து நாள் முன்னால், அக்டோபர் 27 அன்று, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைத்தார். நம் மாவட்ட எல்லையைத் தாண்டினால் வருகிற கடலோர ஊர். மாலை நேரத்தில் ஒரு திண்ணையில், ஒரு கோயில் வாசலில், அந்தத் தெருவின் படித்த பெண் ஒருவர், தெருப் பிள்ளைகள் இருபது பேர். எழுத்தும் கணக்கும் எவ்வளவு வந்தன என்று மற்றவர்கள் ஆராயட்டும். நான் கண்டது வேறு. ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே பாயில் உட்கார்ந்தன. பெரியது சின்னதற்குப் பென்சில் சீவிக் கொடுத்தது. தெரு மறுபடி தெருவானது.

ஒன்றாக உட்கார்வது என்றதும் சாப்பாடு நினைவுக்கு வருகிறது. சென்னை ஆயிரம் விளக்கில் 1920இல் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார் தியாகராயர். 1956இல் காமராசர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தந்தார். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கினார். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. பசிக்காக வந்த திட்டங்கள் என்கிறோம். உண்மை. ஆனால் அந்தப் பந்தியில் பசியோடு இன்னொன்றும் தீர்கிறது. யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்று தலைமுறைகளாக இருந்த கட்டு, பொங்கலும் சாம்பாரும் ஆறுவதற்குள் அவிழ்கிறது. பக்கத்துத் தட்டில் குறைந்தால் தன் தட்டிலிருந்து எடுத்து வைக்கிற கையை எந்த ஒழுக்கப் பாடம் தரும்? தனியார் பள்ளிப் பெற்றோர்களே, டப்பாவைத் திறந்து வைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடட்டும் என்று உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி அனுப்புங்கள்.

பிள்ளைகள் பழகுகிற இன்னோர் இடத்தையும் காட்டுகிறேன், கோவளத்துக்கு வாருங்கள். தர்காவும் மாதா கோயிலும் அம்மன் கோயிலும் ஒரே ஊரில் இருக்கிற மீனவக் கிராமம். அங்கே மூர்த்தி மேகவன் என்ற மீனவர், படிப்பைப் பாதியில் விட்டவர், அலைச்சறுக்குப் பழகி, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கினார். பள்ளிக்கூடம் போக வேண்டும், குடி, புகை கூடாது என்பது அவர் பிள்ளைகளுக்குப் போட்ட நிபந்தனை. இன்று இந்தக் கடற்கரை அலைச்சறுக்குக்குப் பெயர் பெற்றுவிட்டது. 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. அந்த ஆட்டத்தில் ஓர் எழுதாத சட்டம் உண்டு. ஓர் அலையில் ஒருவர். அலை உடைகிற இடத்துக்கு மிக அருகே இருப்பவருக்கு அந்த அலை. மற்றவர்கள் அடுத்த அலைக்குக் காத்திருக்க வேண்டும். கடலில் நடுவரும் இல்லை, விசிலும் இல்லை. பத்து வயதுப் பிள்ளை கால் தரையில் படாத தண்ணீரில் பலகைமேல் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருக்கிறது! வீட்டில் இட்லி வருவதற்கு ஐந்து நிமிடம் பொறுக்காத அதே பிள்ளைதான்.

மாமல்லபுரத்தில் 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்ததே, அதன் சின்னத்துக்கு என்ன பெயர்? தம்பி! குதிரைத் தலை, வேட்டி சட்டை, கூப்பிய கை. எங்கெங்கோ நாடுகளிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு பெயரைச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். முன்பின் அறியாதவரைப் பார்த்ததும் அண்ணே, அக்கா, பெரியம்மா, தாத்தா என்று உறவு வைத்துக் கூப்பிடுகிற வழக்கம் நம்முடையது. பஸ் கண்டக்டர் அண்ணன், பூக்கார அக்கா, காவல்காரத் தாத்தா. இது நம் பிள்ளைகளுக்கு நாம் சும்மா கொடுக்கக் கூடிய சொத்து. ஆனால் இன்று நம் பிள்ளைக்குக் காவல்காரத் தாத்தாவின் முகம் தெரியுமா?

என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் உறைமோர் தீர்ந்துவிடும். "அத்தை வீட்டுல உறைமோர் வாங்கிட்டு வா" என்று அம்மா கிண்ணத்தைக் கொடுப்பாள். அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை, நாலாம் வீடு. போகிற வழியில் நாய் இருக்கும். கதவைத் தட்ட வேண்டும். தாத்தா தூங்கினால் மெதுவாகக் கூப்பிட வேண்டும். கேட்க வந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். சிந்தாமல் கொண்டுவர வேண்டும். அந்தக் கிண்ணத்துக்குள் எத்தனை பாடம் இருந்தது! இன்று தயிர் பாக்கெட்டில் வருகிறது, பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். மாற்றத்தை நான் தடுக்க முடியாது. ஆனால் கடைக்கு ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கப் பிள்ளையை அனுப்பலாம் அல்லவா? சில்லறை எண்ணி வாங்கச் சொல்லலாம் அல்லவா? வெள்ளிக்கிழமை சுண்டலை எதிர் ஃபிளாட்டுக்கு ஒரு தட்டில் கொடுத்து அனுப்பலாம் அல்லவா?

அதற்கும் முன்னால், நம் முகம். எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். அம்மா கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருப்பார். பிறகு சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல், கல் போல அதையே பார்க்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும். குரல் கொடுக்கும். ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். கைபேசியைப் பார்க்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்று என்றாவது கண்ணாடியில் பார்த்திருக்கிறோமா? இரண்டிலிருந்து நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஒரு வயதுக் குழந்தைக்கு அறவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியது. பிள்ளைகளுக்குத்தான் சொல்லியது. நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும்.

தலைமை ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் வாங்காதீர்கள். குடியிருப்புச் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்று எழுதிய பலகையைக் கழற்றுங்கள், உடைகிற கண்ணாடிக்குச் சங்கத்திலேயே ஒரு நிதி வையுங்கள்.

பெற்றோர்களிடம் என் விண்ணப்பம் இது. நாளை ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணியிலிருந்து ஆறரைவரை உங்கள் தெருவில் வண்டிகளை ஓரம் கட்டுங்கள். பிள்ளைகளை வெளியே விடுங்கள், எல்லா வயதும் கலந்து. வெளியே வராத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டு, உங்கள் பிள்ளையை அனுப்பிக் கூப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். கைபேசி உள்ளேயே இருக்கட்டும். முதல் நாளே சண்டை வரும். எழுந்து போகாதீர்கள்.